மேரி கியூரி அம்மையாரின் போர்க்காலத் தொண்டு

கை எலும்பு முறிந்த சிறுவன் ஒருவனை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே எக்ஸ் கதிர்ப் படம் எடுக்கின்றனர். மருத்துவர் அப்படத்தை ஒளியின்முன் பிடித்துப் பார்க்கின்றார். நம் கண்ணுக்கு அது கறுப்பும் வெண்மையும் கலந்த வெறும் நிழலாகத் தோன்றுகின்றது. மருத்துவரோ, எலும்பு எவ்விடத்தில் முறிந்துள்ளது, முறிந்த துண்டு எப்பக்கம் விலகி நிற்கின்றது என்பவற்றை எல்லாம் ஏட்டில் எழுதியதைப் படிப்பதுபோல் அந்நிழலிலிருந்து படித்து அறிகின்றார். அவரும் நாமும் காண்பது ஒரே படந்தான். ஆயினும் அவர் அறிவதை நாம் அறிவதில்லை. படத்தைத் தந்தது கருவி. பொருளைத் தருவது பயிற்சி.

எக்ஸ் கதிர் நிழலைப் படிக்கும் இக்கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது. இது இளமையாக இருந்த காலத்தில், குண்டுகள் வெடிக்கும் போர்முனையில் இதனைத் தாமும் கற்று, பிறர்க்கும் கற்பித்து, எண்ணற்ற வீரர்களின் உயிரைக் காக்கத் துணைநின்றவர் ஒரு பெண்மணி. அவர் மருத்துவரல்லர், பௌதிக அறிஞர். இரண்டு நோபெல் பரிசுகள் பெற்ற பின்னரும், ஏறத்தாழ 47 ஆம் வயதில், புதியதொரு கலைக்கு மாணவியானவர். அவரே மேரி கியூரி அம்மையார்.

இளமையும் கல்வியும்

மேரி, போலந்து நாட்டின் வார்சா நகரில் 1867 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7 ஆம் நாள் பிறந்தார். பெற்றோர் அவருக்கு இட்ட பெயர் மரியா என்பது. தந்தையார் கணக்கும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயாரும் பெண்கள் பள்ளி ஒன்றை நடத்தியவர். ஐந்து குழந்தைகளுள் மரியாவே கடைக்குட்டி. அவருக்குப் பத்து வயதானபோது தாயார் காசநோயால் உயிர் நீத்தார். குடும்பத்தில் வறுமையும் சூழ்ந்தது.

அந்நாளில் வார்சா நகரம் உருசியப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. பிள்ளைகள் பள்ளியில் தம் தாய்மொழி வாயிலாகக் கற்பதற்குத் தடை இருந்தது. பெண்களுக்கோ பல்கலைக்கழகத்தின் கதவுகள் அடியோடு மூடப்பட்டிருந்தன. ஆகவே, கல்வியில் நாட்டமுள்ள இளைஞரும் நங்கையரும் வீடுகளில் மறைவாகக் கூடி, ஒருவருக்கு ஒருவர் பாடம் சொல்லிக் கொடுத்தனர். காவலர் கண்ணில் படாமல் இடம் மாறிக்கொண்டே இருந்ததால், அவ்வமைப்பைப் பறக்கும் பல்கலைக்கழகம் என்று அழைத்தனர். மரியாவும் அதில் சேர்ந்து பயின்றார். அறிந்தவர் அறியாதவர்க்குக் கற்பிக்க வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது அக்காலத்திலேதான்.

மரியாவின் தமக்கையார் புரோனியா பாரிசு நகரில் மருத்துவம் பயில விரும்பினார். இருவரையும் ஒருங்கே அனுப்பத் தந்தையாரிடம் பொருளில்லை. எனவே சகோதரியர் இருவரும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர். மரியா வேலை செய்து தமக்கைக்குப் பணம் அனுப்புவது; தமக்கை படித்து முடித்ததும் தங்கையை அழைத்துக் கொள்வது என்பதே அவ்வுடன்பாடு. அதன்படி மரியா, சிற்றூர்ச் செல்வர் ஒருவரின் இல்லத்தில் தங்கி, அவர்தம் பிள்ளைகளுக்குப் பாடம் கற்பித்து வந்தார். ஓய்வு நேரத்தில் அவ்வூர் ஏழைச் சிறுவர்களுக்குப் போலந்து மொழியில் எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். அது வெளிப்பட்டிருந்தால் தண்டனை கிடைத்திருக்கும். எனினும் அவர் அதனைக் கைவிடவில்லை.

1891 ஆம் ஆண்டில் மரியா பாரிசு நகரை அடைந்து, சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாடி அறை ஒன்றில் குளிரையும் பசியையும் பொறுத்துக்கொண்டு இரவும் பகலும் படித்தார். 1893 இல் பௌதிகத் தேர்வில் முதல்வராகவும், 1894 இல் கணிதத் தேர்வில் இரண்டாமவராகவும் தேறினார். 1895 ஆம் ஆண்டு சூலைத் திங்களில், பியர் கியூரி என்னும் பௌதிக அறிஞரை மணந்து மேரி கியூரி ஆனார்.

கணவரும் மனைவியும் சேர்ந்து 1898 இல் பொலோனியம், ரேடியம் என்னும் இரு புதிய தனிமங்களைக் கண்டறிந்தனர். 1903 ஆம் ஆண்டின் பௌதிக நோபெல் பரிசு, பெக்கரெல் என்னும் அறிஞரோடு இவ்விருவர்க்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. 1906 இல் பியர் கியூரி தெருவில் குதிரை வண்டியில் சிக்கி மாண்டார். இரண்டு பெண் குழந்தைகளோடு தனித்து நின்ற மேரி, துயரத்தை உள்ளடக்கிக் கொண்டு, கணவர் வகித்த ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். சோர்போனில் விரிவுரை ஆற்றிய முதற்பெண்மணி அவரே. 1911 இல் இரசாயனத்துக்கான நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது. பெறுதற்கரிய புகழ் அனைத்தையும் அவர் பெற்றுவிட்டார் என்று உலகம் எண்ணியது. ஆயினும் அவர் கற்க வேண்டிய பாடமொன்று இன்னும் எஞ்சி நின்றது.

போர் மூண்டது

1914 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் ஜெர்மனி பிரான்சின்மீது போர் தொடுத்தது. பாரிசில் மேரிக்கென எழுப்பப்பட்ட ரேடியம் ஆராய்ச்சி நிலையம் அப்போதுதான் கட்டி முடிக்கப்பெற்றிருந்தது. அங்கே பணி செய்ய வேண்டிய இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றுவிட்டனர். பகைவர் படை பாரிசை நெருங்கியது. நிலையத்தில் இருந்த ஒரு கிராம் ரேடியம் விலை மதிப்பற்றது. அது பகைவர் கையில் சிக்கலாகாது என்று அரசினர் கருதினர். மேரி அம்மையார் அதனை ஈயம் பொதிந்த கனத்த பெட்டியில் வைத்து, தாமே புகைவண்டியில் ஏறி, போர்தோ நகருக்குக் கொண்டுசென்று பாதுகாப்பாக வைத்தார். அச்சத்தால் மக்கள் பாரிசை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த அந்த வேளையில், அம்மையார் மட்டும் மறு வண்டியில் பாரிசுக்குத் திரும்பினார்.

தம் அறிவால் நாட்டுக்கு உடனடியாக ஆகக்கூடிய உதவி யாது என்று அவர் ஆராய்ந்தார். அப்போது எக்ஸ் கதிர் அவர் நினைவில் எழுந்தது. இக்கதிரைக் கண்டறிந்தவர் ஜெர்மானிய அறிஞர் இராண்ட்கன். 1895 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் கண்டறிந்து, அடுத்த திங்களில் தம் மனைவியாரின் கையை எலும்பு தெரியும்படி படம் எடுத்தவர் அவர். எக்ஸ் கதிர் தசையை எளிதில் ஊடுருவிச் செல்லும். எலும்பை அவ்வளவு எளிதில் ஊடுருவாது. ஈயம் முதலிய கனத்த உலோகங்கள் அதனைத் தடுத்துவிடும். ஆகவே உடலினுள் புதைந்த குண்டைக் கத்தியால் கிளறித் தேடாமலே கண்டுகொள்ள அது உதவும்.

ஆனால் 1914 இல் நிலைமை எவ்வாறு இருந்தது? பெருநகரங்களின் மருத்துவமனைகள் சிலவற்றிலேதான் எக்ஸ் கதிர்க் கருவி இருந்தது. அதனைக் கையாளத் தெரிந்தவர்களும் சிலரே. போர்முனைக்கு அருகில் அமைந்த மருத்துவமனைகள் பலவற்றில் மின்சாரமே இல்லை. பீரங்கிக் குண்டின் சில்லுகள், உடுத்த துணியையும் வயல் மண்ணையும் உடலுக்குள் இழுத்துச் சென்று புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்தன. பெனிசிலின் முதலிய மருந்துகள் இல்லாத காலம் அது. காயமுற்ற வீரன் நெடுந்தொலைவு கொண்டுசெல்லப்படுமுன்பே நோய் முற்றி, கையையோ காலையோ இழப்பான். சிலபோது உயிரையும் இழப்பான். வீரன் கருவியைத் தேடிச் செல்ல இயலாதெனில், கருவி வீரனைத் தேடிச் செல்ல வேண்டும். இதுவே அம்மையார் கண்ட வழி.

வண்டியில் சென்ற ஆய்வுக்கூடம்

அம்மையார் பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களிலும் தொழிற்சாலைகளிலும் இருந்த எக்ஸ் கதிர்க் கருவிகளைத் திரட்டினார். செல்வர் வீட்டுப் பெண்மணிகளை நாடித் தங்கள் மோட்டார் வண்டிகளைத் தந்துதவுமாறு வேண்டினார். ஒவ்வொரு வண்டியிலும் கதிர்க்குழாய், ஒளிரும் திரை, படமெடுக்கும் கண்ணாடித் தகடுகள், மடக்கி வைக்கத்தக்க மேசை, ஒளி புகாத கறுப்புத் திரைச்சீலை ஆகியவற்றை ஏற்றினார். வண்டியின் எஞ்சினே டைனமோவைச் சுழற்றி மின்சாரத்தை உண்டாக்கும். மின்கம்பியை வண்டியிலிருந்து மருத்துவமனை அறைக்குள் இழுத்துச் சென்றால் போதும். சிறிது நேரத்தில் அவ்வறை எக்ஸ் கதிர் நிலையமாக மாறிவிடும். இவ்வண்டிகளைப் படைவீரர்கள் சின்னக் கியூரிகள் என்று அன்போடு அழைத்தனர்.

இப்பணி எளிதாக நிறைவேறவில்லை. போர்முனைக்குப் பெண்கள் வருவதைப் படை அதிகாரிகள் சிலர் விரும்பவில்லை. இசைவுச் சீட்டுக்காகப் பல அலுவலகங்களின் படிகளை அம்மையார் ஏறி இறங்க நேர்ந்தது. அவர் சோர்வடையவில்லை. 1914 ஆம் ஆண்டு நவம்பர்த் தொடக்கத்தில், பதினேழு வயதே நிரம்பிய மூத்த மகள் ஐரீனையும் உடனழைத்துக்கொண்டு, போர்முனை மருத்துவமனைக்குப் புறப்பட்டார். நாளடைவில் வண்டி ஓட்டவும் கற்றுக்கொண்டு, 1916 இல் ஓட்டுநர் உரிமம் பெற்றார். சக்கரத்தைக் கழற்றி மாட்டவும், எஞ்சினின் உறுப்புகளைத் துப்புரவு செய்யவும் பழகினார். ஒருமுறை அவர் சென்ற வண்டி பள்ளத்தில் கவிழ்ந்து, கருவிப் பெட்டிகள் அவர்மேல் சரிந்தன. அப்போதும் கண்ணாடித் தகடுகள் உடைந்திருக்குமோ என்பதே அவருக்குக் கவலையாயிற்று.

நிழலைப் படித்தல்

வண்டியும் கருவியும் கிடைத்துவிட்டன. ஆனால் கருவி தருவது நிழல் மட்டுமே. அந்நிழலின் பொருளை உணர்வது எவ்வாறு? மேரி அம்மையார் கதிர்களின் இயல்பை நன்கு அறிந்தவர். ஆயினும் மனித உடலின் அமைப்பை அறிந்தவரல்லர். தமக்குத் தெரியாததைத் தெரியாது என ஒப்புக்கொள்ள அவர் நாணவில்லை. எக்ஸ் கதிர் மருத்துவத்தில் முன்னோடியாக விளங்கிய பெக்லேர் என்னும் பாரிசு மருத்துவரிடம் இக்கலையின் அடிப்படைகளைக் கேட்டறிந்தார். உடற்கூற்று நூல்களைப் புரட்டி, எலும்புகளின் பெயரையும், இணைப்பையும், நரம்பும் குருதிக் குழாயும் செல்லும் வழியையும் படித்தார்.

நிழலைப் படிப்பதில் உள்ள முதல் இடர்ப்பாட்டைச் சிறிது சிந்தித்துப் பாருங்கள். நம் உடலுக்கு நீளமும் அகலமும் கனமும் உண்டு. நிழலுக்கோ நீளமும் அகலமும் மட்டுமே உண்டு, கனம் இல்லை. மார்பின் எக்ஸ் கதிர்ப் படத்தில், குண்டின் நிழல் இதயத்தின் நிழல்மேல் விழுகின்றது என்று கொள்வோம். அக்குண்டு இதயத்தின் உள்ளே இருக்கலாம். அதற்கு முன்னே இருக்கலாம். முதுகுத் தோலின் அடியிலும் இருக்கலாம். மூன்று நிலையிலும் படம் ஒன்றுபோலவே தோன்றும். படத்தை மட்டும் நம்பிக் கத்தி எடுத்தவர் குண்டு இல்லாத இடத்தை அறுக்க நேரிடும்.

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. முன்புறமிருந்து ஒரு முறையும், பக்கத்திலிருந்து ஒரு முறையும் பார்த்து, இரண்டு நிழல்களையும் ஒப்பிடுவது ஒரு வழி. காயமுற்றவனைப் புரட்ட இயலாதபோது மற்றொரு வழி கைகொடுக்கும். அது நீங்கள் வடிவக் கணிதத்தில் பயிலும் வடிவொத்த முக்கோணங்களை அடிப்படையாகக் கொண்டது. கதிர்க்குழாய், படத்தகட்டுக்கு மேலே 60 செ.மீ. உயரத்தில் உள்ளது என்று கொள்வோம். முதலில் ஒரு படம் எடுத்து, பின் குழாயைப் பக்கவாட்டில் 10 செ.மீ. நகர்த்தி மீண்டும் எடுக்கின்றோம். குண்டின் நிழல் எதிர்ப்பக்கமாக 2 செ.மீ. நகர்ந்துள்ளது. குண்டுக்கு மேலே ஒரு முக்கோணமும் கீழே ஒரு முக்கோணமும் அமைகின்றன. அவற்றின் அடிப்பக்கங்கள் 10 க்கு 2, அதாவது 5 க்கு 1 என்னும் விகிதத்தில் உள்ளன. ஆகவே உயரங்களும் அவ்விகிதத்திலேயே இருக்கும். 60 செ.மீ. உயரத்தை ஆறு பங்காக்கினால், கீழே உள்ள ஒரு பங்கு 10 செ.மீ. ஆகும். குண்டு தகட்டிலிருந்து 10 செ.மீ. உயரத்தில் உள்ளது என்பது தெளிவாகின்றது. வகுப்பறையில் கரும்பலகையில் வரையும் முக்கோணம், போர்முனையில் ஓர் உயிரைக் காக்கும் கருவியாயிற்று!

இருட்டறையில் நிகழ்ந்த கலந்தாய்வு

போர்முனை மருத்துவமனையில் நிகழ்ந்ததை மனக்கண்ணால் காண்போம். சாளரங்களைக் கறுப்புச் சீலையால் மூடி அறையை இருட்டாக்குகின்றனர். மேரி அம்மையாரும் அறுவை மருத்துவரும் உள்ளே நிற்கின்றனர். வெளியே தூக்குப்படுக்கைகள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஒருவர்பின் ஒருவராக வீரர்கள் கொண்டுவரப்படுகின்றனர். குழாயில் மின்சாரம் பாய்ந்ததும் திரை மங்கலாக ஒளிர்கின்றது. அதில் விலா எலும்புகளின் நிழல் வரிவரியாகத் தோன்றுகின்றது. அவற்றின் இடையே கரும்புள்ளி ஒன்று தெரிகின்றது. அதுவே குண்டின் சில்லு. அம்மையார் அதன் இருப்பிடத்தைத் தாளில் வரைந்து குறித்துக்கொள்கின்றார். வேண்டுமாயின் தகட்டிலும் படம் எடுக்கின்றார்.

பின்னர் இருவரும் அந்நிழலைக் குறித்துக் கலந்து ஆராய்கின்றனர். சில்லின் ஆழத்தை அம்மையார் கணக்கிட்டுக் கூறுவார். அவ்வாழத்தில் செல்லும் குருதிக் குழாய் யாது, எப்பக்கம் அறுத்தால் தீங்கு குறையும் என்பவற்றை மருத்துவர் எண்ணிப் பார்ப்பார். ஒருவர் அறிவில் உள்ள குறையை மற்றவர் அறிவு நிறைவு செய்தது. சிலபோது மருத்துவர், திரையில் தம் இடுக்கியின் நிழலும் சில்லின் நிழலும் நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டே அறுவைச் சிகிச்சை செய்ததும் உண்டு. குறித்த இடத்தில் சில்லு கிடைத்தால் கணக்குச் சரி. கிடைக்காவிடின் பிழை எங்கே நேர்ந்தது என்று தேட வேண்டும். இவ்வாறு ஒவ்வொரு வீரனின் உடலும் ஒரு பாடமாயிற்று. ஒவ்வொரு அறுவையும் அப்பாடத்தின் விடையாயிற்று.

தொடக்கத்தில் இப்புதிய முறையை ஐயுற்ற மருத்துவர்களும் இருந்தனர். நெடுநாள் பழகிய தம் விரல்களையே அவர்கள் நம்பினர். குண்டைத் தேடிக் காணாது களைத்த பின்னர், படம் காட்டிய திசையில் கத்தியைச் செலுத்தி, அதனைக் கண்டெடுத்தபோது அவர்கள் ஐயம் அகன்றது. மகள் ஐரீனும் பதினெட்டு வயதிலேயே பெல்சிய நாட்டுப் போர்முனையில் தனியே நிலையம் ஒன்றை நடத்தினாள். தன்னைவிட வயதிலும் பதவியிலும் மூத்த மருத்துவர்களுக்கு வடிவக் கணிதத்தை விளக்கி, நிழலின் பொருளை உணர்த்தும் பொறுப்பும் அவ்விளநங்கைக்கு வாய்த்தது.

கற்றவர் கற்பித்தார்

போர் நீண்டுகொண்டே சென்றது. அம்மையாரின் முயற்சியால் ஏறத்தாழ 20 வண்டிகளும், மருத்துவமனைகளில் 200 நிலையான எக்ஸ் கதிர் அறைகளும் அமைந்தன. ஆனால் கருவிகள் பெருகிய அளவுக்கு அவற்றைக் கையாள்வோர் பெருகவில்லை. பழகாதவர் கையில் உயர்ந்த கருவியும் பயன் தராது. இதனை உணர்ந்த அம்மையார், 1916 ஆம் ஆண்டு முதல் பெண்களுக்கு எக்ஸ் கதிர்ப் பயிற்சி அளிக்கத் தொடங்கினார். வெறுமையாகக் கிடந்த ரேடியம் நிலையத்தில் மாணவியரின் குரல் ஒலித்தது.

பயில வந்த மங்கையர் பலதிறப்பட்டோர். உயர்கல்வி கற்றோரும் இருந்தனர். எளிய பள்ளிப் படிப்போடு நின்றவர்களும் இருந்தனர். மின்சாரத்தின் இயல்பு, எக்ஸ் கதிரின் தன்மை, உடற்கூறு, படமெடுக்கும் முறை, சில்லின் இடத்தைக் கணக்கிடும் முறை ஆகியவற்றைச் சில வாரங்களிலேயே அவர்கள் கற்றாக வேண்டும். கணக்கில் சிறு பிழை நேரினும் அதன் துன்பத்தைப் பெயரறியாத ஒரு வீரன் தாங்க வேண்டியிருக்கும். எனவே அம்மையார் ஏட்டுப் பாடத்தோடு நில்லாது, கருவியை ஒவ்வொருவர் கையாலும் இயக்கச் செய்து பழக்கினார். ஐரீனும் அன்னைக்குத் துணையாகப் பாடம் நடத்தினாள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 150 பெண்கள் இவ்வாறு தேர்ச்சி பெற்றுப் பல மருத்துவமனைகளுக்குச் சென்றனர். போலந்தின் சிற்றூரில் ஏழைச் சிறுவர்க்கு மறைவாக எழுத்தறிவித்த அதே நங்கைதான், இப்போது நிழலைப் படிக்கும் எழுத்தறிவைப் பலர்க்கு வழங்கினார்.

அம்மையார் நிறுவிய நிலையங்களில் சோதிக்கப்பெற்ற வீரர்களின் தொகை பத்து இலட்சத்துக்கு மேற்பட்டது என்பர். 1918 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் போர் ஓய்ந்தது. போரில் தாம் கண்டவற்றையும் கற்றவற்றையும் தொகுத்து, எக்ஸ் கதிர் மருத்துவமும் போரும் என்னும் பொருள்பற்றி ஒரு நூல் எழுதி, 1921 இல் வெளியிட்டார்.

ஈந்த உயிர்

இத்தொண்டுக்கு அம்மையார் கொடுத்த விலை சிறிதன்று. கதிர்களால் உடலுக்கு உண்டாகும் தீங்கை அந்நாளில் எவரும் முழுமையாக உணரவில்லை. பாதுகாப்பு முறைகளும் மிகக் குறைவே. ஆண்டாண்டாக ரேடியத்தோடு பழகிய அவர், போர்க்காலத்தில் நாள்தோறும் எக்ஸ் கதிர்க் குழாயின் அருகே நின்றார். பிற்காலத்தில் அவர் கண்பார்வை மங்கியது, உடல் தளர்ந்தது. குருதியை உண்டாக்கும் எலும்பு மச்சை கெட்டு, 1934 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 4 ஆம் நாள் அவர் உலக வாழ்வை நீத்தார். போர்க்காலத்து எக்ஸ் கதிர்களும் அந்நோய்க்குக் காரணமாகலாம் எனப் பிற்கால அறிஞர் கருதினர். 1995 ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டினர் அவருடைய உடலைப் பாரிசிலுள்ள பாந்தியன் என்னும் பெருமக்கள் நினைவகத்துக்குக் கொண்டுவந்து சிறப்புச் செய்தனர். அன்னையின் அடிச்சுவட்டில் நடந்த ஐரீன், தம் கணவர் பிரெடரிக் ஜோலியோவுடன் 1935 இல் இரசாயன நோபெல் பரிசு பெற்றார். 1956 இல் அவரும் குருதிப் புற்றுநோயால் மறைந்தார்.

எக்ஸ் கதிர்ப் பணியாளர் இன்று அணியும் ஈயக் கவசமும், குழாயை இயக்கும்போது ஒதுங்கி நிற்கும் தடுப்பறையும், இத்தகையோர் பட்ட துன்பத்தால் உலகம் கற்றுக்கொண்ட பாடங்களாகும்.

நாம் கொள்ள வேண்டியது

மேரி அம்மையாரின் காலத்துக்குப் பின்னர் உடலின் உள்ளே காணும் கருவிகள் வியக்கத்தக்க வளர்ச்சி பெற்றன. 1971 ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் முதன்முதலாக ஒரு நோயாளியின் தலை, கணினியின் துணைகொண்ட எக்ஸ் கதிர்க் கருவியால் படம் எடுக்கப்பெற்றது. இதனையே நாம் சி.டி. ஸ்கேன் என்கின்றோம். இரண்டு திசைகளிலிருந்து நிழலைக் கண்டு ஆழத்தைக் கணித்தார் அம்மையார். இக்கருவியோ சுற்றிலும் பல திசைகளிலிருந்து கதிரைச் செலுத்தி, கிடைத்த அளவுகளைக் கணினியால் ஒன்று சேர்த்து, உடலின் உள்ளமைப்பைத் துண்டு துண்டாகக் காட்டுகின்றது. காந்த ஆற்றலால் படமெடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன.

எனினும் ஒன்று மாறவில்லை. படம் தானே பேசுவதில்லை. இன்றும் மருத்துவம் பயில்வோர் ஒரு நோயாளியின் படத்தைச் சுற்றிக் கூடுகின்றனர். ஒருவர் தாம் கண்டதைக் கூறுகின்றார். மற்றவர் அவர் காணாது விட்டதைச் சுட்டுகின்றார். மூத்த மருத்துவர் இருவர் கருத்தையும் கேட்டுத் திருத்துகின்றார். பின்னர் அறுவையாலோ பிற சோதனையாலோ உண்மை தெரிந்ததும், தம் கணிப்பு எங்கே பொருந்தியது, எங்கே பிழைத்தது என்று அனைவரும் ஆராய்கின்றனர். போர்முனை இருட்டறையில் அம்மையாரும் மருத்துவரும் நடத்திய கலந்தாய்வும் இத்தன்மையதே.

மாணவர்களே! உலகப் புகழ் பெற்ற ஓர் அறிஞர், தமக்குத் தெரியாத ஒரு துறை எதிர்ப்பட்டபோது, பெருமையைக் கருதித் தயங்காமல் தொடக்க நூலைக் கையில் எடுத்தார். கற்றதை மறைத்து வைக்காமல் 150 பேர்க்குப் பகிர்ந்தளித்தார். தம் கணக்கு மற்றவர் சோதனைக்கு உட்படுவதை அவர் இழிவாகக் கருதவில்லை. நீங்கள் எத்துறையிற் புகுந்தாலும், புரியாத நிழல்கள் உங்கள்முன் தோன்றவே செய்யும். அப்போது அறிந்தவரிடம் கேட்டு அறியுங்கள்; அறிந்ததை அறியாதவர்க்கு எடுத்துரையுங்கள்; பிழை கண்டால் திருத்திக்கொள்ளுங்கள். மேரி கியூரி அம்மையாரின் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவேயாகும்.